புரையேறலும் நினைப்பும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பது, சாதி, சமய, கட்சி வேறுபாடின்றித் தமிழர் ஏற்றுக்கொண்ட மிகச் சில கோட்பாடுகளுள் ஒன்று. இதுபற்றி ஆய்வேடு எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் தேடவில்லை என்பதும் அதற்குக் காரணமாகலாம். ஆய்வு இடைவெளி என்று துறையினர் குறிப்பிடுவது இதைத்தான்.

மூச்சுப்பாதையில் நிகழும் ஓசைகள் ஐவகைப்படும்: விக்கல், தும்மல், செருமல், இருமல், புரையேறல்.

விக்கல்: தண்ணீர் குடிக்கவும், நிற்காவிட்டால் மேலும் குடிக்கவும்.

தும்மலைப் பொறுத்தவரை வள்ளுவர் நமக்கு வேலை வைக்கவில்லை. வருவதுபோல் வந்து அடங்கிவிடும் தும்மலை 1203ஆம் குறளிலும், வேண்டுமென்றே அடக்கப்படும் தும்மலை 1318ஆம் குறளிலும் வைத்தார். முன்னது அனிச்சை, பின்னது பெருமூளையின் தலையீடு. ஆகவே மூளைத்தண்டின் முகுளத்தையும் வேகஸ் நரம்பையும் அவர் அறிந்திருந்தார் என்று நிறுவ எனக்கு இருபது பக்கமும் ஒரு பொன்னாடையும் போதும்.

செருமல் நரம்பு சார்ந்ததன்று, அதிகாரம் சார்ந்தது. மாமனார் வாசற்படியில் நின்று செய்வது. தொண்டையில் சளி இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை.

இருமலுக்கு வருவோம். குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் காவலிருக்கும் நரம்பு முனைகள் தூசியையோ புகையையோ கண்டதும், பத்தாவது கபால நரம்பாகிய வேகஸ் வழியே முகுளத்துக்குச் சேதி அனுப்புகின்றன. முகுளம் யாரையும் கலந்தாலோசிப்பதில்லை. ஓர் ஆழ்ந்த மூச்சு உள்ளே போகிறது. குரல்வளை ஏறத்தாழ 0.2 விநாடி மூடிக்கொள்கிறது. நெஞ்சுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுக்க, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கதவு சட்டெனத் திறக்கிறது. இவ்வளவுக்கும் நெறியாளர் கையொப்பம் தேவைப்படுவதில்லை.

வரமிளகாய் தாளிக்கும் வீட்டை ஒட்டிய நாலு வீடும் இருமுவதற்கு, மிளகாயின் காப்சைசினை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியே பொறுப்பு. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தனர். 2021இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. தாளித்தவருக்கு ஒன்றும் வரவில்லை. இனி, காது குடையும்போது சிலருக்கு இருமல் வரும். வேகஸின் கிளையொன்று காதுத் துளை வரை போய் எட்டிப் பார்ப்பதே காரணம். அக்கிளைக்கு 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் ஃபிரெடரிக் ஆர்னால்டின் பெயர். கோழி இறகு, ஊக்கு, வண்டிச் சாவி ஆகிய கருவிகளின் ஒப்பீடு தனி நூலுக்குரியது.

நிற்க. புரையேறலே நம் பொருள். விழுங்கும் கணத்தில் மூச்சு நின்று, குரல்வளை மேலெழும்பி, அதன் மூடி கவிந்து, குரல்நாண்களும் சேர்ந்துகொள்ளும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தாலோ பேசினாலோ இந்த ஒழுங்கு குலைந்து ஒரு பருக்கை தடம் மாறும். மேல்குரல்வளை நரம்பு கூச்சலிடும், இருமல் கிளம்பும். மருத்துவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எப்படி ஏறிற்று என்பதற்கு இது விடை. யார் நினைத்தது என்பதற்கு?

நினைப்பு நரம்பு வேகத்தில் பயணிக்கிறது என்று கொள்வோம். (ஏன் கொள்ள வேண்டும் என்பது பின்னிணைப்பில், பின்னிணைப்பு இல்லை.) மெல்லிய சி வகை இழைகளில் சமிக்ஞை விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் நகரும். மதுரைக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 460 கிலோமீட்டர். ஐந்து நாளுக்கு மேலாகிறது. எனவே மதுரை அத்தை செவ்வாயன்று கரித்துக்கொட்டினால், சென்னை மருமகனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தியில்தான் புரையேறும். துபாயிலிருந்து என்றால் ஒரு மாதம் தாண்டும். அதற்குள் நினைத்தவரே லீவில் வந்து எதிர் இலையில் உட்கார்ந்திருப்பார். விநாடிக்கு 5 மீட்டராவது ஓடும் ஏ-டெல்டா இழை என்று வைத்தால் மதுரைச் சேதிக்கு ஒரு நாளும் ஒன்றரை மணியும் போதும். நல்ல நினைப்பு ஏ-டெல்டாவிலும் வசவு சி இழையிலும் வருகின்றன என்பது என் துணிபு. மறுப்போர் தரவுகளுடன் வருக; நான் தரவின்றியே வந்திருக்கிறேன்.

சிகிச்சையில் அறிஞர் இரு கட்சி. உச்சந்தலையில் தட்ட வேண்டும் என்பார் ஒரு சாரார் (பெரியம்மா, கல்யாணப் பந்தி உரைகள், இரண்டாம் பந்தி, ரசத்துக்கு முன், மோருக்குப் பின் இவரே கருத்தை மாற்றிக்கொண்டதையும் ஒப்புநோக்குக). முதுகில் தட்டுவதே முறை என்பார் மறுசாரார் (சின்ன அத்தை, பெரியம்மாவுக்கு மறுப்பு, அச்சேறாதது, சமையற்கட்டு வாசலில் நிகழ்த்தியது, கரண்டி விழுந்த ஓசையால் நடுவில் இரு வாக்கியம் சிதைந்தன, சித்தப்பா வைத்திருக்கும் பாடம் வேறு, அதை அவர் யாருக்கும் காட்டுவதில்லை). பெரியம்மா அத்தையை மேற்கோள் காட்டுகிறார், அத்தை பெரியம்மாவை. இருவரையும் நான் காட்டுகிறேன். துறை இப்படித்தான் வளர்கிறது.

தீர்ப்பு முதுகுக் கட்சிக்கே, அதுவும் ஒரு நிபந்தனையோடு. புரையேறியவர் சத்தமாக இருமிக்கொண்டிருந்தால் எங்கேயும் தட்டாதீர்கள், வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். அவருடைய முகுளம் வேலை பார்க்கிறது, இரும விடுங்கள். பேச்சும் இருமலும் வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால் அடைப்பு முற்றியிருக்கிறது. முன்பக்கம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள், பக்கத்திலிருப்பவரை 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நினைத்தது யாரென்று அப்புறம் விசாரிக்கலாம்.