வரியிறுதி வெற்றிடமும் அதனால் வரும் பழியும்: உரைத்திருத்தி இயலில் ஓர் ஆய்வு

நிரல் எழுதுவோர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடம் உரைத்திருத்தி, அதாவது டெக்ஸ்ட் எடிட்டர் எனப்படும் மென்பொருள். அதன் இயல்புகளைத் தமிழிலக்கண மரபு தந்த பகுப்பினாலேயே அகம், புறம் என இரண்டாகப் பிரிக்கலாம். எழுத்து எவ்வாறு தோன்ற வேண்டும் என்று ஒருவர் தமக்கு மட்டும் வகுத்துக்கொள்ளும் அமைப்புகள் அகம். எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று ஊரறியப் பதிந்துவைக்கும் பதிப்புக் கட்டுப்பாடு புறம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அகப்புறம் ஒன்று உண்டென்பதும், நிரலர் குழுக்களில் நிகழும் மனத்தாங்கல்கள் பெரிதும் அங்கேதான் முளைக்கின்றன என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

அகத்திணைக்குரிய கருப்பொருள்கள் எழுத்துரு, எழுத்தளவு, வரியிடைவெளி, தீம் எனப்படும் வண்ணத்தொகுதி ஆகியவை. 2011இல் ஈதன் ஷூனோவர் வெளியிட்ட சோலரைஸ்ட் என்னும் வண்ணத்தொகுதி 16 நிறங்களை மட்டுமே கொண்டு, வெளிர்பின்னணி, இருள்பின்னணி இரண்டுக்கும் பொருந்துமாறு அமைக்கப்பட்டது. ஃபிரா கோட் என்னும் எழுத்துருவோ, வியப்புக்குறியும் சமக்குறியும் அடுத்தடுத்து வந்தால் அவற்றை இணைத்துக் கோடு கிழித்த ஒரே சமக்குறியாகக் காட்டும். ஆயினும் கோப்பினுள் இருப்பவை பழைய இரண்டு குறிகளே. அகத்தின் இலக்கணம் இதுவே: காண்பவர் கண்ணுக்கு எல்லாம் மாறும், கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. அற்றேல், காலை முழுவதும் எழுத்துரு தேர்ந்துகொண்டிருத்தல் வேலையாகுமோ எனின், ஆகும் என்க. வேலை தொடங்குவதற்கு முன் செய்யப்படுவதும் வேலையின் பாற்படும் என்பது நிரலர் துணிபு. நிரல் எழுத விரும்பப்படும் எழுத்துருக்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருவன, தட்டச்சுப்பொறி விட்டுச்சென்ற கட்டுப்பாடு அது. தமிழின் 'ஔ' அந்தக் கட்டத்துக்குள் ஒடுங்கி உட்கார மறுத்துவிடும் என்பது ஈண்டுப் பெருமிதத்துடன் குறிக்கத்தக்கது.

புறத்திணையின் வரலாறு பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் 1972இல் உருவாக்கத் தொடங்கிய எஸ்சிசிஎஸ் என்னும் அமைப்பில் தொடங்கி, வால்டர் டிச்சியின் ஆர்சிஎஸ் வழியே வந்து, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் வரை நீள்கிறது. இவற்றில் மாற்றங்களை ஒரு தொகுதியாகக் கட்டி, பெயரும் நாளும் இட்டுப் பேரேட்டில் ஏற்றுதல் கமிட் எனப்படும். ஈமேக்ஸ் என்னும் உரைத்திருத்தியில் கண்ட்ரோல்-எக்ஸ், வி, வி என்று அழுத்தினால், கோப்பின் நிலைக்கேற்ப அடுத்துச் செய்யத்தக்கது எதுவோ அதை அதுவே தெரிந்து செய்யும். மனிதருக்கு அத்தகைய பொத்தான் இன்னும் வாய்க்கவில்லை. அதே திருத்தியில் கோப்பின் வரிகளை அவற்றின் வயதுக்கேற்பப் புதியவை சிவப்பாகவும் பழையவை நீலமாகவும் காணலாம் என்பதால், புறத்துக்கும் அகம் வண்ணம் பூசும் என அறிக. ஒவ்வொரு வரிக்கும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைக் காட்டும் கட்டளைக்கு கிட் 'பிளேம்', அதாவது பழி, என்று பெயரிட்டது. சப்வெர்ஷன் என்னும் அமைப்பில் அதே கட்டளையைப் 'பாராட்டு' என்ற பெயராலும் அழைக்கலாம். அந்தப் பெயரால் அழைத்துத் தேடப்பட்டவர் மிக அரியர் ஆதல் வேண்டும்.

இனி அகப்புறம். கண்ணுக்குப் புலனாகாததும் கோப்பில் இருப்பதுமான வெற்றிடம் இதன் முதற்பொருள். ஒரு டேப் திரையில் எத்தனை எழுத்தகலம் நீள வேண்டும் என்பது அகம். அந்த டேப்பை ஸ்பேஸ்களாக மாற்றிச் சேமிப்பது புறம். லினக்ஸ் கெர்னலின் நடைவிதி டேப் 8 எழுத்தகலம் என்கிறது, பைத்தானின் நடைவழிகாட்டி 4 ஸ்பேஸ் என்கிறது, இரு சாராரும் மற்றவரை நோக்கி இரங்குகின்றனர். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்னும் கருவியில் கட்டளை வரிகள் டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்று அமைந்துவிட்டது. அது தொல்லை என்று அவர் உணர்ந்தபோது அதைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ ஒரு டஜன் பேர், அவர்களிலும் பலர் நண்பர்கள் என்பதால் மாற்றாமல் விட்டார். அந்த ஒரு டஜன் நண்பர்பால் காட்டிய தாட்சண்யத்துக்கு உலகம் அரை நூற்றாண்டாக விலை கொடுத்துவருகிறது.

சேமிக்கும்போது வரியிறுதி வெற்றிடத்தைக் களைக என்னும் அமைப்பைத் தம் திருத்தியில் இயக்கிவைத்த ஒருவர், பழைய கோப்பொன்றில் ஒரு காற்புள்ளியைத் திருத்தச் சென்று சேமித்தார் எனக் கொள்வோம். வெற்றிடம் தொங்கிய வரிகள் அனைத்தும் மாறியனவாகப் பதிவாகும். பிளேம் கட்டளை அவற்றையெல்லாம் இவர் தலையில் கட்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் பெயரில் பட்டாவை மாற்றி, பத்தாண்டு வரிபாக்கியையும் அவரிடமே கேட்பது போன்றது இது.

தமிழில் எழுதப்பட்ட கோப்புகளுக்கு இச்சிக்கல் இன்னும் நுட்பமாக வரும். 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் நிகர் என்பதே யூனிகோடின் விதி. ஆனால் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் கிட்டுக்கு அவை வேறு வேறு. எனவே மாற்றங்களைக் காட்டும் திரையில் ஒரே வரி சிவப்பில் நீக்கப்பட்டதாகவும் பச்சையில் சேர்க்கப்பட்டதாகவும் எழுத்துக்கு எழுத்து ஒத்து நிற்கும். புள்ளியிடாத ஓலைகளில் ஒரே வடிவத்திலிருந்து இரண்டு எழுத்துகளைப் பிரித்தறிய உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் அரும்பாடுபட்டனர். கணினியோ ஒரே எழுத்துக்கு இரண்டு வடிவம் தந்து, பேதமே இல்லாத பாடபேதத்தைப் படைத்திருக்கிறது.

பரிகாரங்கள் இல்லாமல் இல்லை. வெற்றிட மாற்றங்களைப் பொருட்படுத்தாதே என்று மாற்றங்களைக் காட்டும் டிஃப் கட்டளைக்கும் பிளேம் கட்டளைக்கும் சொல்லிவிட முடியும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பு முதல், புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளைப் பட்டியலிட்டு ஒரு கோப்பில் வைத்து அதைச் சுட்டிக்காட்டினால் பிளேம் அவற்றைத் தாண்டி உண்மையான கர்த்தாவைத் தேடிச் செல்லும். எடிட்டர்கான்ஃபிக் என்னும் பொது வழக்கம் டேப், வரிமுடிவு, வரியிறுதி வெற்றிடம் ஆகியவற்றைக் குழுவுக்கே உரிய கோப்பில் எழுதிவைக்கிறது. எழுத்துருவையும் எழுத்தளவையும் அது தொடுவதில்லை என்பது அதன் நாகரிகம். வி.எஸ். கோட் என்னும் திருத்தியோ திட்ட அடைவிலேயே அமைப்புக் கோப்பை வைக்க இடம் தருவதால், பார்வை மங்கிய ஒருவர் தமக்கு வேண்டிய 18 என்னும் எழுத்தளவை அதில் எழுதிக் கமிட் செய்து, குழு முழுவதையும் தம் கண்கொண்டு பார்க்க வைத்துவிட முடியும். தம் திட்டத்தின் அமைப்புக் கோப்பில் அத்தகைய வரி உளதா என்று வாசகர் இன்றே திறந்து பார்ப்பது நலம். இருக்குமாயின், சேர்த்தவர் யார் என்பதை பிளேம் கட்டளை தயங்காமல் சொல்லும்.