ஃபார்மல் நைட்டுக்குப் பட்டு வேட்டி: ஒரு பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் (வருவாய்த் துறை),
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்,
சேலையூர், கிழக்குத் தாம்பரம்.

பெறுநர்:
உடை ஒழுங்குப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
பிரதான உணவுக்கூடம்,
உல்லாசக் கப்பல் (பெயர் தங்களுக்கே தெரியும்),
சிங்கப்பூர்த் துறைமுகம்.

பொருள்: கப்பல் – இரவு உணவு – ஃபார்மல் நைட் – பட்டு வேட்டியுடன் அமர்ந்து சாப்பிட அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் நிறுவனத்தின் பயணிகள் கையேடு, உடை பற்றிய பக்கம்.
2. பொது இடங்களில் நுழைய உடைக் கட்டுப்பாட்டை நீக்கும் தமிழ்நாடு சட்டம், 2014.
3. என் மனைவியின் வாய்மொழி உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாலை வாடுவதற்குள் என் மகன் கப்பல் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டான். கூடவே பார்வை 1இல் காணும் கையேட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அரசாணை படித்துப் பழகிய கண் என்பதால் உட்பிரிவு விடாமல் படித்தேன். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று தாங்கள் உறுதிப்படுத்த வேண்டும்.

பகலில் அரைக்கால் சட்டையோடு வரலாம். முழங்கால் தெரியலாம், தொடையில் குத்திய பச்சையும் தெரியலாம். மாலை ஆறு மணிக்கு மேல் முழுக்கால் சட்டை வேண்டும். குறிப்பிட்ட இரண்டு இரவுகளில் ஆண்கள் கோட்டு, சூட்டு, டை அல்லது டக்சீடோ அணிய வேண்டும். மீறுவோர் மேல்தளத்து பஃபேயில் தட்டேந்திச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அதாவது, காலைப் பாதி காட்டுகிற உடைக்கு மதியம் இடமுண்டு. கணுக்கால் வரை மூடுகிற வேட்டியைப் பற்றிக் கையேடு எந்த வேளைக்கும் வாய் திறக்கவில்லை. கோப்பில் இல்லாத பொருளுக்குக் கீழ்நிலை ஊழியர் இல்லை என்றுதான் சொல்வார். நானே முப்பது வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆகவேதான் நேரடியாக மேலிடத்திற்கு எழுதுகிறேன்.

கோட்டு என்னிடம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைக்கு ஆயுளில் ஒரே ஒரு கோட்டுதான் வாய்க்கும்; அது கல்யாண ரிசப்ஷனுக்கு. ஜி.எஸ்.டி. சாலை மண்டபத்தில், அக்னி நட்சத்திரத்தில், வீடியோ லைட்டுக்கு நேர் எதிரே அதைப் போட்டுக்கொண்டு நின்றவன் நான். அன்று பெருக்கெடுத்த வியர்வையை ஆனந்தக் கண்ணீர் என்று மாமனார் வீட்டார் நம்பினார்கள். அந்தக் கோட்டு பீரோவில் அந்துருண்டையோடு பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கோட்டு மாறவில்லை. பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்திருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கோட்டு தேடலாமா என்று கேட்டதற்குத்தான் பார்வை 3இல் காணும் உத்தரவு பிறந்தது: "கல்யாணப் பட்டு வேட்டி இருக்கும்போது எவனோ போட்டுக் கழட்டினதைப் போட்டுக்கிட்டு என் பக்கத்துல உக்காரக் கூடாது." இதில் மேல்முறையீடு கிடையாது.

மேலும், தங்கள் கப்பல் புறப்படும் சிங்கப்பூர், பூமத்திய ரேகையிலிருந்து ஒன்றரைப் பாகைகூட விலகாத ஊர். அங்கே கோட்டு போட வேண்டுமானால் முதலில் குளிரை உண்டாக்க வேண்டும். அதைத் தாங்கள் ஏ.சி. வைத்து உண்டாக்குகிறீர்கள். கோட்டுக்காகக் குளிர், குளிருக்காகக் கோட்டு என்ற இந்த ஏற்பாட்டில் செலவாகும் டீசலைப் பற்றித் தணிக்கைத் துறையினர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்பதே என் கவலை.

தங்கள் தரப்பின் வரலாற்றையும் புரட்டிப் பார்த்தேன். இன்று தாங்கள் வணங்கும் டின்னர் ஜாக்கெட், பிறந்தபோது சோம்பேறி உடை. பின்னால் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர், வால் வைத்த நீளக் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட முடியாமல், வீட்டு விருந்துக்கென்று குட்டையாக ஒன்றை 1865இல் லண்டன் தையற்காரர் ஹென்றி பூலிடம் தைத்துக்கொண்டார். 1886 வாக்கில் அது நியூயார்க் பக்கத்து டக்சீடோ பார்க் கிளப்புக்குப் போய் அந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டது. அக்காலத்துப் பெரியவர்கள் அதைப் பார்த்து, வீட்டில் போடுவதைச் சபைக்குப் போட்டு வருகிறானே என்று முகம் சுளித்தார்கள். இன்று அதைப் போடாதவரைப் பார்த்துத் தாங்கள் சுளிக்கிறீர்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளைக்காரத் துரைகளே வெயிலில் கோட்டைக் கழற்றியிருக்கிறார்கள். செங்கடல் வெக்கையில் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடுப்பில் ஒரு பட்டுப் பட்டை என்று கோட்டில்லாமல் இரவு உணவுக்கு உட்காரும் வழக்கத்திற்கு 'ரெட் ஸீ ரிக்' என்று பெயர் வைத்து அதையும் மரியாதையான உடையாக்கிக்கொண்டார்கள். அந்த இடுப்புப் பட்டை, இந்தியாவில் இருந்த ராணுவ அதிகாரிகள் நம் ஆட்களைப் பார்த்துக் கட்டிக்கொண்டது. ஆக, எங்கள் இடுப்புத் துணியில் ஒரு சாண் அகலம் ஏற்கெனவே தங்கள் உணவுக்கூடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மீதி எட்டு முழத்தையும் உள்ளே விடுங்கள் என்பதே என் கோரிக்கையின் சுருக்கம்.

கப்பல், உடை, சாப்பாடு மூன்றும் சேர்ந்த வழக்கில் காந்தியாரைவிடப் பெரிய முன்மாதிரி இல்லை. 1888இல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறிய இளைஞர், புது சூட்டும் டையுமாகத்தான் போனார். ஆனால் முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி இல்லை என்று கேட்கக் கூச்சம். உணவுக்கூடத்துக்குப் போகாமல், ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்று பொழுதைக் கழித்தார். கோட்டு இருந்தும் சாப்பாட்டு மேசைக்கு வர முடியாத பயணி அவர். பிறகு 1921 செப்டம்பர் 22 அன்று எங்கள் மதுரையில், மேலமாசி வீதி வீட்டில், சட்டையைத் துறந்து முழங்கால் துண்டுக்கு மாறினார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக 'ராஜ்புதானா' கப்பலில் அதே துண்டோடு போனார். பி அண்டு ஓ கம்பெனிக் கப்பல் அது. அந்தப் பயணத்தில் கப்பல் மூழ்கவில்லை. அந்த நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் விருந்துபசாரத்திலும் அதே உடைதான். அரண்மனை இன்றும் நிற்கிறது.

இனி, பார்வை 2. 2014 ஜூலை 11 அன்று சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. அழைப்பின் பேரில் போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். காரணம், வேட்டி. வேட்டியில் வந்த வழக்கறிஞர்களுக்கும் அதே கதி. ஒரு மாநிலத்தின் சட்டத்தை விளக்கும் அதிகாரம் உள்ளவருக்கு ஒரு கிளப்பின் விதியை மீறி ஒரு படி ஏற அதிகாரமில்லை. தடுத்தவர் லண்டனிலிருந்து வந்தவரும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் பேண்டைக் கழற்றிக் கைலிக்கு மாறுகிற நம்மவராகத்தான் இருந்திருப்பார்.

அடுத்த மாதமே முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு சட்டம் கொண்டுவந்தது. கிளப்போ, சங்கமோ, நிறுவனமோ, தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ பிற இந்திய மரபுடையையோ காரணம் காட்டி ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, ரூ.25,000 வரை அபராதம், உரிமமும் ரத்தாகலாம். நகலை இணைத்துள்ளேன். தங்களை மிரட்டுவதற்கு அல்ல. இந்தச் சட்டத்துக்கு நீச்சல் தெரியாது என்பதை நான் அறிவேன். கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் இந்தியாவின் எல்லையே முடிந்துவிடுகிறது. தாங்களோ சிங்கப்பூரில் புறப்பட்டு, பஹாமாஸ் நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டுப் போகிறீர்கள். அந்தத் தீவுகளில் யாரும் கோட்டு போட்டுக்கொண்டு கடலைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. கொடியை மட்டும் அங்கிருந்து வாங்கிக்கொண்டு உடையை இங்கிலாந்திலிருந்து வாங்கியிருக்கிறீர்கள்.

வேட்டி பற்றிய தொழில்நுட்பக் குறிப்பு, தங்கள் வாசல் ஊழியரின் பயிற்சிக்காக: இது ஒரே துணியில் ஃபார்மலும் கேஷுவலும் சேர்ந்த உடை. கரை தரையைத் தொட இறக்கிவிட்டிருந்தால் ஃபார்மல். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தால் கேஷுவல். பெரியவர் எதிரே வந்தால் மடித்ததை அவிழ்த்துவிடுவது மரபு. கேப்டன் கைகுலுக்க வரும்போது நானும் இறக்கிவிடுவேன். அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். இப்போது ஒட்டிக்கொள்ளும் பட்டையும் செல்போன் வைக்கப் பாக்கெட்டும் வைத்தே கடையில் விற்கிறார்கள். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது பிரதமர் மோடி வேட்டி கட்டித்தான் வரவேற்றார். கடற்காற்று பலமாக அடிக்கிற இடம் அது. அசம்பாவிதம் எதுவும் பதிவாகவில்லை.

என் மனைவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. காஞ்சிபுரம் பட்டைப் பார்த்தால் எந்த வாசலும் திறந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. 2021இல் டெல்லி உணவகம் ஒன்றில், சேலை 'ஸ்மார்ட் கேஷுவல்' ஆகாது என்று ஊழியர் சொன்ன காட்சி நாடெங்கும் பரவியதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணம் ரத்தாகும். டிக்கெட் பணம் திரும்பாது என்று கையேட்டின் வேறொரு பக்கம் சொல்கிறது.

விண்ணப்பப் படிவத்தில் 'முந்தைய கடற்பயண அனுபவம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடற்பயணம் இல்லை, படகு உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியபோது நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். படகில் வந்தவர் கைலியை வரிந்து கட்டியிருந்தார். மாடியிலிருந்து இறங்கிய நானும் கைலியில் இருந்தேன். அவர் என் உடையைப் பார்க்கவில்லை, கையை நீட்டச் சொன்னார். இந்தத் தகவலை எங்கள் சங்க நிர்வாகக் குழுவுக்குத் தெரியாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.

ஏனென்றால், இப்போது சேலையூரில் நான் செயலாளர். இங்கேதான் என் விண்ணப்பத்தைத் தாங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நான் விதியை எடுக்கச் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் கண்டவர் வந்துவிடுவார்கள். நான் கேட்பது வேட்டிக்கு, கைலிக்கு அல்ல. எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட், லாபி, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றில் கைலி, நைட்டி அணிந்து நடமாடக் கூடாது என்று என் கையெழுத்திலேயே சுற்றறிக்கை போட்டிருக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. 2023இல் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்ககம் லுங்கிக்கும் நைட்டிக்கும் எதிராக அறிவிப்பு ஒட்டியதைச் செய்தியில் படித்துத்தான் எனக்கு உற்சாகம் வந்தது. பார்வை 2இல் உள்ள சட்டத்தை எங்கள் மீன்காரர் எனக்கே படித்துக் காட்டினார். அதில் வேட்டி என்று பெயர் போட்டிருக்கிறதே தவிர, கைலி என்ற பேச்சே இல்லை என்று விளக்கி, அவரைப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வரச் சொன்னேன்.

கோயில்களிலும் இது உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஓர் உத்தரவின் பேரில் 2016 ஜனவரி 1 முதல் ஜீன்ஸ், லெக்கிங்ஸ், லுங்கியோடு கோயிலுக்குள் வரக் கூடாது என்றார்கள். பிறகு அந்த உத்தரவு நிலைக்கவில்லை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் சுடிதாரோடு போன பெண்கள் அதன்மேல் முண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டால் உள்ளே போகலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாங்களும் உணவுக்கூட வாசலில் நாலைந்து கோட்டுகளை மாட்டி வையுங்கள். வேட்டிக்கு மேலே ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போய், கையால் ரசம் சோறு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, வெளியே வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். விதியும் காப்பாற்றப்படும், ரசமும்.

எனவே ஃபார்மல் நைட் இரண்டிலும் பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு என்னை அனுமதித்து ஆணை வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். ஆணை கிடைத்ததும், உணவுக்கூட வாசலில் யார் என்ன கட்டி வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஆள் குறைவாக இருந்தால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஊதியமின்றி அங்கே நிற்கத் தயாராக இருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
செயலாளர்

இணைப்பு:
1. பட்டு வேட்டியின் வண்ணப் புகைப்படம் (இறக்கிவிட்ட நிலையில்).
2. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகல் (தகவலுக்காக மட்டும்).
3. கைலி, நைட்டி தொடர்பான எங்கள் சங்கச் சுற்றறிக்கையின் நகல் (தங்கள் கப்பலில் ஒட்டிக்கொள்ள).