மண்டைக்குக் கனெக்‌ஷன்

வாய்யா மாப்ள, உக்காரு. நெத்தியில என்ன, பட்டையா? வடபழஞ்சி கம்பெனிக்காரனுக்குப் பக்தி முத்திப்போச்சேன்னு பாத்தேன், தலைவலிக்குக் கரண்டு மிஷினாமே! வெளக்கை அணைக்க மறந்தா பில்லு ஏறுதுன்னு உங்கப்பன் கத்துவான். மகன் மண்டைக்கே கனெக்‌ஷன் குடுத்துட்டான்.

சிரிக்காத. சோழவந்தான் கொடிக்கால்காரனுக்கு என்ன தெரியும்னுதானே நெனக்கிற? எம் பேத்தி பிசியோதெரபி படிக்கிறா. என் தோள்பட்டையில கரண்டு வச்சுத்தான் பழகுனா. அவ வாய்விட்டுப் படிப்பா, நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே கேப்பேன்.

தலைவலிக்குக் கரண்டு வைக்கிறது புதுசும் இல்ல. ரோமாபுரியில கிளாடியஸ் ராசா காலத்துல ஸ்கிரிபோனியஸ்னு ஒரு வைத்தியர். தலைவலின்னு வந்தா உசிரோட மின்திருக்கை மீனை மண்டையில வச்சிருவாராம், மரத்துப்போற வரைக்கும். நீ அங்கிட்டுப் பொறந்திருந்தா மீனுக்கும் இ.எம்.ஐ. கட்டியிருப்ப.

நெத்தியில ஏன் ஒட்டுறாங்கன்னு கேளு. புருவத்துக்கு மேல எலும்பைத் தடவிப் பாரு, சின்னப் பள்ளம் தட்டும். மூளையிலருந்து வர்ற அஞ்சாம் நரம்போட கிளை ஒண்ணு அங்கனதான் நெத்திக்கு ஏறுது. பின்மண்டை நரம்பு கழுத்துலருந்து ஏறுது. ரெண்டும் சேதி கொண்டு சேக்குறது கழுத்து உச்சியில ஒரே எடத்துல. அதான் பிடரி பிடிச்சா கண்ணு தெறிக்குது.

கரண்டு வச்சா வலி ஏன் அடங்குது? 1965-ல மெல்சாக், வால்னு ரெண்டு பேரு சொன்னாங்க: தொடு உணர்ச்சியைக் கொண்டுபோற தடிச்ச நரம்புக வேகமாப் போயி, மெல்லிசு நரம்புல வர்ற வலியை வாசல்லயே மறிச்சிரும். அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குக் கோரிப்பாளையத்துல நீ நுழைய முடியுமா? அந்தக் கதைதான். முட்டி இடிச்சா பரபரன்னு தேய்க்கிறோமே, அதுலயும் இதேதான் நடக்குது. ஆனா ஒத்தத் தலைவலிக்கு இந்த வாசல் கணக்கு மட்டும் பத்தாது, மூளைக்குள்ள வேற சோலியும் நடக்குதுங்கறா பேத்தி.

2013-ல பெல்ஜியத்துல ஒத்தத் தலைவலிக்காரங்க 67 பேரை வச்சு, நெத்தியில ஒட்டுற மிஷினைச் சோதிச்ச முடிவு வெளிவந்துச்சு. தெனம் 20 நிமிஷம், மூணு மாசம். நெச மிஷின் வச்சவங்கள்ல நூத்துக்கு 38 பேருக்கு வலிக்கிற நாளு பாதிக்குப் பாதி கொறஞ்சுச்சு. டூப்பு மிஷின் வச்சதுலயும் நூத்துக்கு 12 பேருக்குக் கொறஞ்சுச்சு பாத்துக்க! நம்பிக்கைக்கும் கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும்போல. அடுத்த வருஷம் அந்த மிஷினுக்கு அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு. நீயோ மூணாம் நாளே மூலையில எறியிற ஆளு.

மெடிக்கல்ல கேட்டு வாங்கி முழுங்குறியே, அந்த மாத்திரை மாசத்துல 10, 15 நாளைத் தாண்டுனா அதுவே தலைவலியைக் குடுக்கும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனு, காலையில பட்டினி, மதியம் வெறும் வயித்துல ஜிகர்தண்டா. இதுக்கு எந்த மிஷினைய்யா ஒட்டுறது?

உன் பெட்டியில பேரும் இல்ல, ஊரும் இல்ல. இடுப்புக்கு வைக்கிறதை நெத்தியில ஒட்டிக்கிட்டு வந்திருக்க. முன்கழுத்துல ஒட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வச்ச உங்க தாத்தனுக்குப் பாசத்துல மாட்டிவிட்டுறாத. முதல்ல கழட்டு. திங்கக்கிழமை பெரியாஸ்பத்திரிக்குப் போயி நரம்பு டாக்டரைப் பாரு, அவர் சொல்ற மிஷினை வாங்கு. திடீர்னு மண்டை பொளக்குற வலி வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ, சார்ஜரைத் தேடாம 108-ஐக் கூப்பிடு.