உதடு அசைந்தால் யாருக்குத் தெரியும்?

1950-ல் பிபிசி ஒரு காரியம் செய்தது. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, தன் உதடு அசையாமல் அதைப் பேச வைக்கும் வித்தைக்காரர் பீட்டர் பிரஃப்பைக் கூப்பிட்டு வானொலியில் நிகழ்ச்சி நடத்தச் சொன்னது. ஆமாம், வானொலியில்தான். உதடு அசைகிறதா இல்லையா என்று வீட்டில் கேட்கிறவன் எங்கே போய்ப் பார்ப்பது? பொம்மை என்று ஒன்று இருக்கிறது என்பதையே அவன் நம்பித்தான் ஆக வேண்டும். நம்பினான். 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' என்ற அந்த நிகழ்ச்சியை ஒரு கோடிப் பேருக்கு மேல் கேட்டார்கள். பிற்பாடு பிரஃப் டிவிக்கு வந்தார். அங்கேதான் குட்டு உடைந்தது: பொம்மை ஆர்ச்சி பேசும்போதெல்லாம் பிரஃப்பின் உதடும் கூடவே பேசியது.

டிவியில் பேர் வாங்கிய பிறகும் பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர்கள் ஏன் வானொலியை விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்பவரின் கற்பனை, சொல்லின் வலிமை என்று பெரிய பெரிய பேச்செல்லாம் வரும். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் முக்கால்வாசிக் காரணம் சோம்பல். மிச்சம், மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஜாக்கிரதை.

டோனி ஹான்காக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ல் அவருக்குக் கிடைத்த வேலை அதே ஆர்ச்சிக்கு ட்யூஷன் வாத்தியார். மரக்கட்டைக்குப் பாடம் நடத்தியே பிரபலமானார். 1954-ல் வானொலியில் 'ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்' என்று சொந்தக் கடை போட்டார். 1956-ல் டிவியிலும் அதே பெயரில் ஒரு கிளை. ரே கால்டன், ஆலன் சிம்சன் என்ற இருவர் இரண்டுக்கும் எழுதித் தள்ளினார்கள். 1959 வரை இரண்டும் ஒருசேர ஓடின.

வானொலியில் கையிலேயே ஸ்கிரிப்ட் இருக்கும். மைக் முன்னால் நின்று வாசித்தால் வேலை முடிந்தது. தாள் சரசரக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். 1958-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் எல்லோரும் சும்மா உட்கார்ந்து அலுத்துக்கொள்வதையே அரைமணி நேர நாடகமாக்கினார்கள். கொட்டாவி, பெருமூச்சு, நெடிய மௌனம், வேறொன்றும் இல்லை. அவர்கள் செய்ததிலேயே உன்னதமான ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

டிவியிலோ அரைமணி வசனத்தையும் உருப்போட வேண்டும். 1961-ல் ஹான்காக்குக்கு ஒரு கார் விபத்து. தலையில் அடி. அடுத்த சில நாளில் 'தி பிளட் டோனர்' பதிவு; வசனமோ மண்டையில் ஏறவில்லை. சரி என்று டெலிப்ராம்ப்டரை வைத்துக் கொடுத்தார்கள். ரத்த தானம் செய்ய வந்தவர், பரிசோதனைக்கு விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டோடு தர்மம் முடிந்தது என்று கிளம்பப் பார்க்கிற காட்சி. டாக்டரோடு வாதாடும் அந்த இடத்தில் ஹான்காக்கின் கண்ணை மட்டும் கவனியுங்கள்: அது டாக்டரைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ படித்துக்கொண்டிருக்கும். அந்த நாடகம் பிரிட்டிஷ் டிவியின் பொக்கிஷமாகிவிட்டது. மனிதருக்கு மனப்பாடம் செய்கிற பழக்கம்தான் அதோடு விட்டுப்போயிற்று.

டக்ளஸ் ஆடம்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 1978-ல் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' வானொலித் தொடரில் ஸாஃபோட் என்ற ஆசாமிக்கு இரண்டு தலை என்று போகிற போக்கில் எழுதிவைத்தார். செலவு, துளி மை. 1981-ல் தொடர் டிவிக்குப் போனதும் அந்தத் துளி மைக்கு வட்டி கட்ட வேண்டிவந்தது. நடிகரின் தோளில் இயந்திரத் தலை ஒன்றைக் கட்டினார்கள். அது அடிக்கடி வேலைநிறுத்தம் செய்து சும்மா சாய்ந்து கிடந்தது.

சோம்பலை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர் கிரேம் கார்டன். 1970-லிருந்து டிவியில் 'தி குடீஸ்': மூன்று பேர் ஒரே சைக்கிளில் விழுந்து எழுந்தார்கள், லண்டன் போஸ்ட் ஆபீஸ் கோபுரத்தில் ராட்சதப் பூனையை ஏற்றினார்கள். எலும்பு தேயும் பிழைப்பு. அதே சமயம் வானொலியில் 'ஐ'ம் ஸாரி ஐ'ல் ரீட் தட் அகெய்ன்'. அதற்கும் கார்டன்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். ('மான்டி பைத்தான்' டிவி தொடரில் குதித்துக்கொண்டிருந்த ஜான் கிளீஸும் அதை விடாமல் வந்து நடித்துவிட்டுப் போனார்.) எழுதி எழுதிக் கை சலித்த கார்டன் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஸ்கிரிப்டே இல்லாத நிகழ்ச்சி. 1972-ல் பிறந்தது 'ஐ'ம் ஸாரி ஐ ஹாவன்ட் எ க்ளூ'. தலைமை தாங்க ட்ரம்பெட் வாசிக்கும் ஹம்ஃப்ரி லிட்டில்டன். அதில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு லண்டன் ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 'மார்னிங்டன் கிரசன்ட்' என்று முதலில் சொல்கிறவர் ஜெயித்தார். விதி? அப்படி எதுவும் கிடையாது. விதி இருப்பதுபோலக் காரசாரமாகச் சண்டை மட்டும் போடுவார்கள். மதிப்பெண் குறிக்க சமந்தா என்று ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகப் பிற்பாடு லிட்டில்டன் வாராவாரம் அறிமுகம் செய்தார். நாற்காலி காலி. டிவியில் இதைச் செய்திருந்தால் நாற்காலியில் உட்கார ஒரு நடிகையைப் பிடித்து வரவேண்டியிருக்கும்.

'தி குடீஸ்' 1982-ல் நின்றுபோனது. 'க்ளூ' ஐம்பது ஆண்டைத் தாண்டிவிட்டது. சமந்தாவுக்கு இன்றுவரை ஒரு பென்னி சம்பளம் கொடுத்ததில்லை.