போர்த் தண்ணீரும் வாளிப் படிவும்: ஒரு பன்முக நோக்கு

சென்னையின் தெற்குப் புறநகரில், மெட்ரோ குழாய் இன்னும் எட்டிப்பார்க்காத ஒரு தெருவில், போர்த் தண்ணீரால் குடும்பங்கள் அடைந்துவரும் மாற்றங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்பொருள் பற்றி இதற்குமுன் ஆய்வே நிகழவில்லை என்று தொடங்குவது மரபு. நிகழ்ந்ததா என்று தேடிப் பார்ப்பது மரபன்று. ஆகவே நிகழவில்லை. ஆய்வின் எல்லை, எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளச் சம்ப் முதல் மொட்டைமாடித் தொட்டி வரை.

தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளால் வருவது கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர் விதிப்படி லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் தெரு நெடுங்காலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறது. இதை அளக்க மேலைநாட்டார் ஆளுக்கொரு பாகை வைத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் பாகை 10 மில்லிகிராம், ஆங்கிலேயர் பாகை 14.3, ஜெர்மானியர் பாகை 17.8. தமிழருக்கென்று ஒரு பாகை இல்லையே என மேடைதோறும் கண்ணீர் விட வேண்டியதில்லை. ‘நுரையே வரமாட்டேங்குது’ என்ற குரல் குளியலறையிலிருந்து எத்தனை வீடு தாண்டிக் கேட்கிறதோ, அத்தனை பாகை.

எங்கள் பகுதித் தண்ணீர் நால்வகைப்படும். கேன் தண்ணீர் குடிப்பதற்கு. லாரித் தண்ணீர் சண்டைக்கு. மெட்ரோ தண்ணீர் தேர்தல் காலத்தில் பேச்சு வடிவில் மட்டும் வருவது, மாதிரி கிடைக்கவில்லை. எஞ்சிய அனைத்துக்கும் போர்த் தண்ணீர்.

இனி விளைவுகள்.

கீசர்: சாகும்.

பருப்பு: வேகாது. பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதே காரணம். வேகாதது கைக்குற்றம் என்பது மாமியார் பாடம். தண்ணீர்க் குற்றம் என்பது மருமகள் பாடம். வேதியியல் மருமகள் பக்கம் நிற்கிறது. குக்கர் விசில் எப்பக்கமும் சாராமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

சிறுநீரகக் கல்: குழாயில் கல் படிவதால் உடம்பிலும் படியும் என்பது உவமை, சான்றன்று. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை.

முடி: கோவை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட சிறியதோர் ஆய்வு, கடினநீரில் ஊறிய முடியின் இழுவலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்கிறது. இதை எங்கள் அடுக்ககத்தில் எடுத்துரைத்தேன். ‘அவங்களுக்கென்ன, சிறுவாணி வருது, சொல்லுவாங்க’ என்ற மறுப்புரை எழுந்தது (இரண்டாம் மாடி அக்கா, லிஃப்டுக்குக் காத்திருந்த வேளை). இதற்கு விடை கூற எந்த ஆய்வேட்டாலும் இயலாது. எங்கள் சங்கச் செயலாளரும் தம் தலையைப் போர்த் தண்ணீரே கொண்டுபோயிற்று என்பார். அவர் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கும் தந்தையார் படத்திலும் அதே தலைதான். தந்தையார் ஆயுள் முழுக்கக் குளித்தது காவிரியில்.

இவையெல்லாம் அறிமுகமே. ஆய்வின் உயிர்நிலை வாளிப் படிவு.

குளியலறை நீல வாளியின் உட்புறத்தில், விளிம்புக்கு நான்கு விரல் கீழே, சொரசொரப்பான வெண்ணிற வளையம் ஒன்று ஓடுகிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அதன்கீழ் மங்கலான இரண்டாம் வளையம். வாளியின் பாதியில், பிடித்துப் பார்த்தால் மட்டும் தட்டுப்படும் மூன்றாவது. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே காய்ந்து உப்பு படிகிறது. எனவே வளையம் ஒவ்வொன்றும் ஓர் ஆட்சிக்காலம். மேல் வளையம் வளமான காலத்துக்குரியது. அரைவாளி வளையம், ஆளுக்கு அரைவாளி என்று வீட்டில் சட்டம் போட்ட 2019 கோடைக்குரியது எனத் துணியலாம்.

இக்காலக்கணிப்பை மறுப்போர் உளர். அரைவாளி வளையம் பஞ்சத்தால் வந்ததன்று, துணி ஊறவைத்ததால் வந்தது என்பது ஒரு சாரார் கொள்கை (தரைத்தளத் தாத்தா, வாளி விளக்கம், செவ்வாய்க்கிழமைப் பாடம், சனிக்கிழமைப் பாடத்தில் இதைத் தாமே மறுத்துள்ளார்). வாளியே 2019இல் வாங்கப்படவில்லை, அது சீர்வரிசையில் வந்தது என்பது மற்றொரு கொள்கை (மாமியார், சீர்வரிசைப் பட்டியல், வாய்மொழி மரபு; ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இடைச்செருகலாக ஒரு பித்தளை அண்டா சேர்கிறது). மூன்றாவது கருத்து மிக நுட்பமானது, ஆனால் முற்றுப்பெறாதது (வீட்டு வேலைக்கு வரும் அக்கா, துடைப்பக்கட்டை உரை, ‘அது வந்து சார்’ என்பது வரை கிடைத்துள்ளது, பிறகு அவருக்குப் போன் வந்துவிட்டது).

இம்முரண்களை ஒப்பிட்டு மூலபாடம் நிறுவ முற்பட்டிருந்தபோது, என் துணைவியார் எலுமிச்சைத் தோலோடு குளியலறைக்குள் சென்றார். அமிலம் பட்டதும் படிவு கரியமிலவாயுவாகப் பொங்கியது; 2019ஆம் ஆண்டு முழுவதும் சாக்கடைக்குப் போயிற்று. தொல்லியல் துறை தலையிடவில்லை. ஆயினும் இதனால் ஆய்வுக்கு நன்மையே. மூலச்சான்று அழிந்துவிட்டபடியால் இனி என் முடிவை எவரும் மறுக்க இயலாது. நம் துறையின் பெருமுடிவுகள் பலவும் இவ்வாறே நிலைபெற்றவை. பதிவுக் கட்டணம் கட்டிவிட்டேன். பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்போகிறேன். பக்கத்து மாவட்டத்தார் மூவரும், சிங்கப்பூரிலிருந்து ஜூமில் ஒருவரும் வருகிறார்கள்.

இறுதியாக, பிறர் ஆய்வு. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வந்த இளைஞர் ஒருவர் இரண்டு டம்ளர்களை மேசையில் வைத்தார். ஒன்றில் எங்கள் போர்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் டம்ளர் சேற்றுப் பச்சையாகிப் பழுப்பேறியது; அவருடையது தெளிவாக நின்றது. ‘இதைத்தான் சார் குடிக்கிறீங்க’ என்றார். உண்மையில் உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது, கம்பியின் இரும்பு கரைகிறது. சேறு அவர் கம்பியிலிருந்து வந்தது. அடுத்து அவர் எடுத்த டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்துதிறனைக் கணக்கிட்டு எண் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆனால் முடிவை விலைப்பட்டியலோடு கையில் வைத்துக்கொண்டு சோதனையைப் பிறகு செய்யும் அந்த முறையியலில் ஒரு முனைவர்பட்ட மணம் வீசியது. என் நெறியாளர் நினைவுக்கு வந்தார்.

ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அவருடைய தெளிந்த டம்ளரில் போட்டு, மறுபடி மின்சாரம் பாய்ச்சச் சொன்னேன். அதுவும் பழுத்தது. இளைஞர் சற்றும் கலங்கவில்லை.

‘உங்க வீட்டு உப்பே சரியில்ல சார்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

‘இ.எம்.ஐ. உண்டா தம்பி?’ என்றார் துணைவியார்.