பாஸ்வேர்டை மடியில் முடிஞ்ச பெரியவரே!

சென்னையில ஓஎம்ஆர் ஓரமா 15 மாடி, 18 மாடின்னு உசரத்துல குடியிருக்கிற பெரியவங்களே! உங்களுக்குப் புத்தி சொல்ல இந்த ஏலகிரிக் கிழவனுக்கு இன்னா உரிமைன்னு கேப்பீங்க. இருக்குது. 2019 ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணி வில்லிவாக்கத்துக்குப் போச்சே, மறந்துட்டீங்களா? அது மேட்டூர்ல இருந்து வந்த காவிரித் தண்ணிதான், ஒத்துக்கிறேன். ஆனா ரயில் ஏறினது எங்க மலை அடிவாரத்துல. தண்ணி குடுத்த ஊர்க்காரன் ரெண்டு வார்த்தை சொன்னா கேட்டுக்கிறதுதான் மரியாதை.

சனிக்கிழமை ஆனா உங்க ஆளுங்க கார்ல மலை ஏறிடுறாங்க. 14 கொண்டை ஊசி வளைவு. பாரி, காரி, ஓரின்னு வள்ளல்கள் பேரை போர்டுல படிச்சுக்கிட்டே வந்து, அத்தனாவூர்ல எங்கிட்ட பலாச்சுளைக்கு அஞ்சு ரூபா குறைன்னு பேரம் பேசுறாங்க. பேரம் முடிஞ்சதும் ஒரு பெருமூச்சு. "எங்க அசோசியேஷனுக்கு இளசுங்க ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க பெரியவரே. இத்தனைக்கும் ஆப் எல்லாம் போட்டாச்சு."

ஆப் போட்டது நல்ல காரியம். பெங்களூர்ல 2016-ல மைகேட்னு ஒரு ஆப் ஆரம்பிச்சாங்க. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் விமானப் படையில இருந்து வந்தவரு. ஆகாசத்தைக் காத்தவருக்கு அப்பால உங்க கேட்டைக் காக்கிற வேலை அமைஞ்சது, அது உங்க புண்ணியம்.

ஆனா அந்த ஆப்ல நீங்க இன்னா பார்க்கிறீங்க? வீட்டு வேலைக்கு வர்ற அம்மா 7:42-க்கு உள்ள வந்துச்சு, 9:10-க்கு வெளிய போச்சு. சாப்பாடு கொண்டாந்த பையன் மூணாவது மாடியில ஆறு நிமிஷம் நின்னான். எல்லாம் துல்லியம். சரி, லிஃப்ட் பராமரிப்பு கான்ட்ராக்டை எத்தனை கொட்டேஷன் பார்த்து யாருக்குக் குடுத்தாங்க? அது ஆப்ல வராது. அது செயலாளர் ஐயா பீரோவுல, நீல அட்டை போட்ட நோட்டுல, பழைய பஞ்சாங்கத்துக்கு அடியில தூங்குது. வேலைக்காரம்மாவுக்கு கேமரா, செயலாளருக்கு பீரோ. விவரம் தெரிஞ்ச புள்ள எதுக்கு இந்தக் கமிட்டிக்கு வரும்?

சரி, இளசுங்க எந்தக் காலத்துலயும் வரக் கூடாதுன்னா வழி சொல்லித் தரேன். எழுதிக்குங்க. மீட்டிங்கை ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு வைங்க. முதல் ஒரு மணி நேரம் போன மீட்டிங்ல பேசினதைப் படிங்க. அடுத்த ஒரு மணி நேரம் நாய். அப்புறம் கார் பார்க்கிங். யாராவது சின்னப் பையன் வாயைத் திறந்தா, "தம்பி, இந்தக் கட்டடம் எழும்பும்போது நீ ஸ்கூல்ல படிச்சுட்டிருந்தே"ன்னு அன்பாச் சொல்லுங்க. அப்படியும் ஒருத்தன் உட்கார்ந்திருந்தா, பொங்கல் விழாவுக்கு மைக் செட் ஏற்பாடு பண்ற பொறுப்பைக் குடுத்து "இளைஞர் அணி"ன்னு பேர் வைங்க. ஆப்போட ஓடிபி மட்டும் தலைவர் போனுக்கே வரட்டும். தலைவர் ஆறு மாசம் மகளோட அமெரிக்காவுல இருப்பாரு. இங்க காலையில மோட்டார் ரிப்பேர்னா அங்க நடுராத்திரி. அவர் முழிச்சு ஓடிபி சொல்றதுக்குள்ள அதுக்கு ஆயுசு முடிஞ்சிருக்கும். இது மாட்டை வித்துட்டு மூக்கணாங்கயித்தைக் கையிலயே வெச்சுக்கிற கதை.

இப்ப வர வைக்கிற வழி. என் பேத்தி ஓஎம்ஆர்ல கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. 2019 கோடையில தண்ணி இல்லாம, வீட்டுல இருந்தே வேலை பாருங்கன்னு சில கம்பெனிங்களே அனுப்பிச்சாங்க பாருங்க, அப்போ வீட்டுல இருந்தவ ஜன்னல் வழியா லாரியை எண்ணினா. எத்தனை லோடு வருது, ஒவ்வொண்ணுலயும் எவ்வளவுன்னு கமிட்டியில கேட்டா. "12,000 லிட்டர்மா, பில்லுல இருக்குது"ன்னாங்க. இவ பில்லை விட்டுட்டு டேப்பை எடுத்தா. கீழ்த்தொட்டி நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர். 12,000 லிட்டர் விழுந்தா மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறணும். மோட்டாரை நிறுத்திட்டு அளந்தா 51 தான். லோடுக்கு 1,800 லிட்டர் காத்துல போகுது. அவளும் இன்னும் ரெண்டு பேரும் லாரி வரும்போது ஒரு போட்டோ, போனப்புறம் ஒரு போட்டோ, எல்லாரும் பார்க்கிற கூகுள் ஷீட்டுல ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த வாரமே மட்டம் 60-க்கு ஏறிடுச்சு. லாரிக்காரருக்கு நல்ல புத்தி வந்துச்சோ, செல்போன் வந்துச்சோ!

அவளை எந்த ஆப்பும் இழுக்கலை சாமி. மூணு மாச வேலை, முடிவு இருக்கிற வேலை, கணக்கு நாலு பேர் கண்ணுக்குத் தெரியிற வேலை. அதுக்குத்தான் வந்தா. அதுக்கப்புறம் பொருளாளர் ஆக்கினாங்க. வாடகைக்கு இருந்திருந்தா அதுவும் நடந்திருக்காது. மெயின்டனன்ஸ் கட்டுறதுக்கு வாடகைக்காரர் வேணும், ஓட்டு மட்டும் சொந்தக்காரருக்கு. உங்க இளசுங்கள்ல எத்தனை பேர் வாடகைக்காரங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. ஓட்டு குடுக்க முடியலைன்னா தண்ணிக்கு, குப்பைக்கு, சோலாருக்குன்னு துணைக்குழு போட்டு அங்கயாவது உட்கார வைங்க.

இதெல்லாம் புதுசாக் கண்டுபிடிச்சது இல்லை. உத்திரமேரூர் கோயில் சுவத்துல போய்ப் பாருங்க. முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டினது. வாரியத்துக்கு, அதாவது ஊர்க் கமிட்டிக்கு, வர்றவங்களுக்கு வயசு 35-ல இருந்து 70. கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவங்க பேரைக் குடத்துல போடுற ஓலையில எழுதக் கூடாது. கணக்கு காட்டாதவருக்கு இடமில்லை, அவர் உறவுக்காரருக்கும் இல்லை. குடத்துல இருந்து ஓலையை எடுக்கிறது ஒரு சின்னப் பையன். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின இந்த விதியை உங்க பிளாக்குல போட்டா, எத்தனை பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும்? கீழ் வயசை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாம், சோழன் கோவிச்சுக்க மாட்டான்.

சம்பளத்துக்கு வர்ற மேனேஜர் சங்கதி வேற. இன்ஜினியரிங் படிச்ச பையன் ஏன் நிக்க மாட்டேங்குறான்னு கேக்கறீங்க. அவன் நம்பரை 200 வீட்டுக்கும் குடுத்துட்டீங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மாடிவீட்டுல கட்டில் நகர்த்துற சத்தத்துக்கும் அவன்தான் பஞ்சாயத்து. புகார்னா ஆப்ல பதியட்டும், ஒரு நம்பர் விழட்டும், முடிச்சதும் மூடட்டும். மாசக் கடைசியில "உனக்கு 140 புகார் வந்துச்சு, 131 முடிச்சிருக்கே"ன்னு அவன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியும். இல்லைன்னா வருஷம் பூரா வாங்கின திட்டு ஒண்ணுதான் அவனுக்கு அனுபவச் சான்றிதழ்.

கணக்கைத் திறந்து வைக்கிறதுக்கு எங்க பக்கத்துலயே பாருங்க. வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடுற ஷெட்டுங்க பாலாத்தைப் பாழாக்கின வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. இன்னிக்கு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து மீட்டர் கணக்கு நேரா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகணும்னு விதி. தோல் ஊறவெச்ச தண்ணிக்கே ஆன்லைன் கணக்கு. நீங்க குளிச்ச தண்ணியைச் சுத்தம் பண்ற மெஷின் ஓடுதா நிக்குதான்னு உங்களுக்கே தெரியாது, மூக்கு சொன்னாத்தான் உண்டு.

இன்னும் ஒண்ணு. மாச மெயின்டனன்ஸ் ஆளுக்கு 7,500 ரூபா தாண்டி, சங்கத்தோட வருஷ வரவு 20 லட்சத்தையும் தாண்டினா 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தத்துக்கா, மேல இருக்கிற தொகைக்கு மட்டுமான்னு மெட்ராஸ் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. மேல இருக்கிறதுக்கு மட்டும்னு 2021-ல தீர்ப்பு. இதையெல்லாம் விரல் நுனியில வெச்சிருக்கிற சிஏ படிச்ச பொண்ணு உங்க ஒன்பதாவது மாடியிலயே இருக்குது. நீங்க அதுகிட்ட இதுவரைக்கும் பேசினது, "நாயைப் பிடிச்சுக்கம்மா" மட்டும்தான்.

இளசுங்களே, சிரிக்காதீங்க, உங்களுக்கும் இருக்குது. 1994 சட்டம் போய், 2022-ல போட்ட அடுக்குமாடிச் சட்டம் 2024 மார்ச்ல அமலுக்கு வந்திருக்குது. கட்டடத்தை இடிச்சுக் கட்ட எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு இல்லை, மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சாப் போதும். அந்தக் கட்டடம் கிழமாகுற அன்னிக்கு இந்தப் பெரியவங்களும் இருக்க மாட்டாங்க, நானும் இருக்க மாட்டேன். 20 வருஷ லோன் கட்டி முடிச்ச நீங்கதான் நிப்பீங்க. வாட்ஸ்அப் குரூப்புல கட்டை விரலைத் தூக்கிக் காட்டினா அது கையெழுத்து ஆகாது.

பெரியவங்களுக்குக் கடைசி வார்த்தை. அடுத்த ஜெனரல் பாடியில வரவு செலவை அத்தனை வீட்டுப் போன்லயும் தெரியிற மாதிரி திறந்துடுங்க. ஓடிபி வர்ற நம்பரை மாத்தி, 30 வயசுக்குக் கீழ ஒருத்தர் கையில ஒரு வருஷத்துக்குக் குடுங்க, அப்புறம் வேற ஒருத்தர். மடியில கனம் இல்லாதவருக்கு இது ரெண்டு நிமிஷ வேலை. கனம் இருக்கிறவர் மட்டும், "இங்க டவர் சரியாக் கிடைக்கலை"ன்னு சொல்லிடட்டும். நாங்க புரிஞ்சுக்குவோம்.