முறை பார்க்கும் சேர்

களுவாஞ்சிக்குடியில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிற சேர் ஒருவருக்கு நாவல் எதுவானாலும் அது கல்யாணப் பேச்சுக்கால்தான். ஜேன் ஒஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வெளிவந்தது என்று ஒரு வரி சொல்வார். அங்கதம், நடையழகு எல்லாம் பிறகு. முதலில் கரும்பலகையில் உறவுமுறைப் படம்: யார் யாருக்கு மச்சான், யார் எந்தத் தாய்வழிக் குடி.

கேட்டால் விபுலாநந்தரைச் சாட்சிக்கு இழுப்பார். காரைதீவில் பிறந்த அடிகள் 'மதங்க சூளாமணி'யில் ஷேக்ஸ்பியரையே தமிழ் நாடக இலக்கணத்துக்குள் கொண்டுவரவில்லையா? சேர், ஒஸ்டினின் நாயகன் டார்சியைக் குடிமுறைக்குள் கொண்டுவரப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

முதல் வில்லங்கம் வீடு. நாயகி எலிசபெத்தின் தகப்பன் பென்னட்டுக்கு ஐந்தும் பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால் வீடும் வளவும் உறவுக்காரர் கொலின்ஸுக்குப் போகும். வகுப்பு வாயைப் பிளக்கும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். ஒரு காலத்தில், சொத்தைப் பெண்வழியே கொடுக்கும் முக்குவர் சட்டம் நடந்த மண் இது. மிஸிஸ் பென்னட்டை அசட்டுப் பெண் என்று விமர்சகர்கள் சிரிக்கட்டும், இங்கே அவருக்குத்தான் முழு ஆதரவு. ஐந்து குமரை வைத்துக்கொண்டு வீடில்லாமல் நிற்கிற தாய் வேறு எப்படிக் கத்துவாள்?

கொலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும் இடத்தில் பாடம் நின்றுவிடும். அவர் பென்னட்டுக்குக் கசின். பெரியப்பா மகனா, மாமி மகனா? ஒஸ்டின் சொல்லாமல் விட்டுவிட்டார். முன்னது என்றால் எலிசபெத்துக்குச் சித்தப்பா, பின்னது என்றால் மாமா. அரை மணித்தியாலம் இதிலேயே போகும்.

லேடி கேத்தரின் தன் மகளை டார்சிக்குக் கட்டிவைக்க நினைப்பது அதைவிட மோசம். டார்சியின் தாயும் கேத்தரினும் கூடப்பிறந்தவர்கள். "தங்கச்சி முறை! தாய்வழி பாத்தா ரெண்டு பேரும் ஒரே குடி!" சேர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிடுவார். எலிசபெத் டார்சியை மணந்ததற்கு அவர் எழுதுவிக்கும் மாதிரி விடையில் காதல் மூன்றாவது காரணம். முதலாவது, குடி வேறு. இரண்டாவது, வருசம் பத்தாயிரம் பவுண். எலிசபெத் பெம்பர்லி என்ற மாப்பிள்ளை வீட்டுக்குக் குடிபோவதை மட்டும் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

ஆனால் எலிசபெத்தின் தங்கச்சி லிடியாவின் கட்டம் வந்தால் மனுசன் உருகிவிடுவார். அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிய விக்காமின் கடனை அடைத்து, கையில் காசும் வைத்து, டார்சி தாலி கட்டவைக்கிறாரே!

"தன்ட கல்யாணம் பேசி முடியாமலே மச்சாளுக்குச் சீதனம் குடுத்த மாப்பிள்ளை ஒருத்தனை இந்த எழுவான்கரையில காட்டுங்க பாப்பம்!"

பின்வாங்கில் இருந்து ஒரு பொடியன் எழும்பினான்.

"எங்கட வீட்டில மூணு அக்காமார் சேர். பெம்பர்லிக்கு எந்த பஸ்ஸில போற?"

"கல்முனையில இறங்கி மாறணும். இரு மனே."